பின்னால் கட்டிய கைகள்

அவரைப் பற்றி எனக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு புகார். பிம்ப்ரியில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தை இங்கே எல்லோரும் சொசைட்டி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொசைட்டியின் வாட்ஸ்ஆப் குழுவில் சி விங் அம்மாள் ஒருவர் மராத்தியில் கொந்தளித்திருந்தார். பூங்காவில் எல்லோரும் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் எண்பத்து மூன்று வயது ஜோஷியின் கைத்தடி கீழே விழுந்துவிட்டது. ஏ விங்குக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் மதராஸிப் பெண் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், எடுத்துக் கொடுக்கவில்லை. கிழவர் ஒரு கையால் பெஞ்சைப் பிடித்து, மெல்லக் குனிந்து, தடியை எட்டி, மறுபடி நிமிர்ந்து நிற்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். இதுதான் உங்கள் ஊர்ப் பண்பாடா என்று கேட்டிருந்தார் அம்மாள்.

குழுவில் இருந்த ஒரே தமிழன் நான். கேள்வி எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு, ஊரின் மானத்தைக் காப்பாற்றும் விதமாக நாலு வரி மன்னிப்பும் எழுதினேன். அந்தப் பெண்ணை நேரில் பார்த்து நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் லிஃப்டில் ஜோஷி காகா அகப்பட்டார். வருத்தம் தெரிவிக்க வாயைத் திறந்தேன். அவர் தடியைத் தூக்கிக் காட்டி, "மீச் உசல்லீ" என்றார். நானேதான் எடுத்தேன். பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளை மாதிரி அதையே இரண்டு தரம் சொல்லிவிட்டு மூன்றாம் மாடியில் இறங்கிப் போனார்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது புகழ்ந்து பேச ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுகிறவர் அவர். காவலாளி முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'ஜப்பான்வாலி'. எங்கள் வீட்டில் சுருக்கமாக 'ஜப்பான்'. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். கணவர் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். இவர் ஆறு வருஷம் ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்து, அந்த நாட்டு மொழியிலேயே பரீட்சை எழுதித் தேறியவர். இனிமேல் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கான காகிதங்கள் வந்து சேர நாலைந்து மாதமாகும் என்பதால் பிம்ப்ரியில் காத்திருந்தார். அவர் காத்திருந்தது எங்கள் வீட்டுக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது.

புனேயைப் பென்ஷன்காரர்களின் ஊர் என்பார்கள். எங்கள் சொசைட்டியின் பெஞ்சுகளைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் அது உண்மை என்று தெரியும். பிள்ளைகள் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருப்பார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இங்கே வெயில் காய்வார்கள். எங்கள் மகள் நித்யாவும் ஜெர்மனியில்தான். அவள் தெருவில் தள்ளுவண்டியில் குழந்தையைப் பார்ப்பதே அபூர்வமாம். ஊன்றிக்கொண்டு நடக்கிற வண்டிகள்தான் அதிகமாம். அந்தத் தெருவுக்கு ஒரு குழந்தையைக் கொடுக்கும் பொறுப்பை அவள் ஏற்றிருந்தாள். செப்டம்பரில் பிரசவம். என் மனைவி சுமதி போய் ஐந்து மாதம் இருந்தாக வேண்டும்.

சிக்கல் என் அப்பா. பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து, ஷிஃப்ட் இன்சார்ஜாக ஓய்வு பெற்றவர். வயது எண்பத்தொன்று. போன ஐப்பசி மாசம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பிப் பிழைத்தது. நாங்கள் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டோம். அதில்தான் கோளாறு என்று இப்போது புரிகிறது. ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டோம். சுமதி ஊட்டிவிடுவாள், நான் துடைத்துவிடுவேன். அவர் தலையைத் திருப்பினாலே தண்ணீர் டம்ளர் வாயருகே வந்துவிடும். அம்மா இருந்தவரை குளியலறைத் துண்டைக்கூடத் தானாக எடுத்தறியாத மனிதர். பக்கவாதம் வந்தபின் அந்தப் பழக்கம் பூரணமாயிற்று. டாக்டர், காலில் இன்னும் வலு இருக்கிறது, நடக்கவையுங்கள் என்றார். நாங்கள் பாவம் பார்த்தோம். ஆறு மாதத்தில் அவர் அந்தக் கட்டிலின் ஒரு பாகமாகிவிட்டார்.

சுமதி போய்விட்டால் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அவர் தனியாக இருக்க வேண்டும். எனக்கு வங்கியில் ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் பாக்கி. ஆள் வைத்துப் பார்த்தோம். ஒருவர் போனிலேயே குடியிருந்தார், இன்னொருவர் வரவேயில்லை. கடைசியில் கடக்வாஸ்லா அணைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல காற்று, சுத்தமான அறை, சுற்றிலும் மரங்கள். அப்பாவிடம் அதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அங்க காபி எப்படி இருக்கும்?" என்று மட்டும் விசாரித்தார்.

ஜோஷி காகா சொல்லித்தான் ஜப்பானைப் போய்ப் பார்த்தேன். ஏப்ரல் மாதம் அது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்தபடி என் பின்னாலேயே வந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் நோயின் சரித்திரத்தை ஆரம்பித்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். தான் யார், எந்த ஊர் என்று சொல்லிவிட்டு, "உங்கள நான் எப்படிக் கூப்புடட்டும்?" என்று கேட்டார்.

ஆறு மாதமாக அப்பாவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் யோசித்தார். தொழிற்சாலையில் எல்லோரும் தன்னை சாஹேப் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றார். அன்று முதல் பிம்ப்ரியை விட்டுக் கிளம்பும்வரை ஜப்பானுக்கு அவர் சாஹேப். தாத்தா என்றோ பெரியவர் என்றோ மறந்தும் சொன்னதில்லை.

அடுத்து என்னிடம் நிபந்தனைகள். கட்டில் ஹாலில் கூடாது, உள்ளறைக்குப் போக வேண்டும். அவர் கேட்காமல் யாரும் உதவக் கூடாது. அவர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது 'ஐயோ, பாத்து' என்று சொல்லக் கூடாது. மூன்றாவதுதான் சுமதிக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டை விட்டு வெளியே போய் 'ஐயோ' சொல்லிவிட்டு வருவாள்.

அவர் அப்பாவுக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் சொல்லத் திணறுவேன். அவர் பெரும்பாலும் நின்றார். காலையில் பத்து மணிக்கு வருவார். சட்டையைக் கட்டிலின் மேல் விரித்து வைப்பார். போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில் என்பது பாடம். அதை ஒரு தரம் சொல்லுவார், ஒரு தரம் காட்டுவார். பிறகு ஓரடி தள்ளி நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்பா முதல் நாள் ஒரு கையை நுழைப்பதற்குள் வியர்த்து, அரை மணி கழித்துச் சட்டையைத் தூக்கி எறிந்தார். ஜப்பான் அதை எடுத்து மறுபடி விரித்தார்.

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல சாஹேப். நான் இங்கனதான் நிக்கேன்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அந்த நாலு மாதத்தையும் ஓட்டினார். தட்டில் பருப்புச் சாதம் ஒரு பக்கமாக ஓடும்போது, செருப்பின் வார் காலில் சிக்காதபோது, பல் துலக்கும் பிரஷ் கைநழுவித் தொட்டியில் விழும்போது, எப்போதும் அதே குரல். நான் இங்கனதான் நிக்கேன். ஊட்டிவிடவில்லையே தவிர, தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தார். தூக்கிவிடவில்லையே தவிர, கட்டிலின் காலை அறுத்து உயரத்தைக் குறைக்கவைத்தார். கட்டிலிலிருந்து கழிவறைவரை, அங்கிருந்து சமையலறைவரை, பாதம் படவேண்டிய இடங்களில் மஞ்சள் டேப் ஒட்டினார். எங்கள் ஹால் பார்ப்பதற்கு பிம்ப்ரித் தொழிற்சாலையின் தரை மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்தது.

எழுந்திருப்பதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார். சாய்ந்தபடி எழப் பார்த்தால் எந்த மனிதனாலும் எழ முடியாது. மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிய வேண்டும், உடம்பு தானாக மேலே வரும். அதை அவர், "மொதல்ல ஒரு கும்பிடு, அதுக்கப்புறம் எந்திரிக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். அப்பா ஒவ்வொரு முறையும் பயபக்தியோடு குனிந்து எழுவார். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த சி விங் அம்மாள், பக்கவாதம் வந்தபின் சாஹேபுக்குக் கடவுள் நம்பிக்கை கூடிவிட்டது என்று குழுவில் எழுதினார். ஜூலைக்குள் பூங்கா பெஞ்சுகளில் ஜோஷி காகா முதலாக ஐந்தாறு பென்ஷன்காரர்கள் கும்பிட்டுக் கும்பிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஜப்பான் கையைப் பின்னால் கட்டி நிற்பார். மதராஸிப் பெண்ணைப் பற்றிப் புகார் எழுதிய அதே அம்மாள் இப்போது தன் மாமியாருக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று என்னிடம் சிபாரிசு கேட்டார். நான் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. இரக்கமே இல்லாத மனுஷி என்று சுமதியிடம் முணுமுணுத்திருக்கிறேன். அப்பா திணறும்போது அந்த முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. கல் மாதிரி நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில் இருந்தேன். ஹாலில் அப்பா இடது கையால் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான் அவரைப் பார்த்தபடி, எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அன்றுதான் அவருடைய கைகளை முதல் முறையாகப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த விரல்கள் சும்மா இல்லை. அப்பாவின் விரல் பித்தானைத் தேடும்போது அவருடைய விரலும் தேடியது. அப்பா துளையில் நுழைக்கப் பார்க்கும்போது அவருடைய கட்டைவிரலும் காற்றில் எதையோ நுழைத்தது. அப்பாவுக்குத் தவறியபோது இரண்டு கைகளும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. மணிக்கட்டில் நகம் பதிந்து சிவந்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்காக அவ்வளவு பாடுபட்டவர் வேறு யாருமில்லை என்று எனக்கு அந்த நொடியில் பட்டது. பித்தான் நுழைந்தது. அவருடைய விரல்களும் தளர்ந்தன. அவர் திரும்பியபோது முகத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை.

"நானும் ப்ளான்ட்ல இப்படித்தான் நிப்பேன்" என்றார் அப்பா அவரிடம், மூச்சு வாங்கியபடி. "புது ஆப்பரேட்டர் வால்வு திருப்புறப்ப கை பரபரங்கும். வைக்க மாட்டேன்."

"எனக்கு அது லேசுல வரல சாஹேப்" என்றார் ஜப்பான்.

அப்புறம் அவராகவே சொன்னார். அது ஜப்பானில் அவருடைய முதல் வேலை நாள். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தைத்தான் முதியோர் இல்லமாக்கியிருந்தார்களாம். வகுப்பறையின் கரும்பலகைகூட அப்படியே இருந்ததாம். அங்கே தொண்ணூறு தாண்டிய ஒருவர் கட்டிலோரம் உட்கார்ந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தார். இவர் பார்த்தார். நம் ஊர்க்காரி அல்லவா. ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துச் சடசடவென்று இரண்டு காலுறையையும் மாட்டிவிட்டு, மேற்பார்வை அம்மாள் பாராட்டுவார் என்று நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் தனியே அழைத்துப்போய்ச் சொன்னாராம். தினம் காலையில் அந்த மனிதர் தானாகச் செய்கிற ஒரே வேலை அதுதான். இன்றைக்கு நீ அதை எடுத்துக்கொண்டுவிட்டாய். கிழவர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் இவர் அங்கே போனபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். கட்டாவிட்டால் அது தானாக ஓடும் என்றார்.

இதோடு விட்டிருக்கலாம். அப்பா, "நம்ம ஊர்லயே இத்தன கெழவனுங்க கெடக்கோமே, அங்க எதுக்கும்மா திரும்பப் போற?" என்று கேட்டுவைத்தார். ஜப்பான் நாற்காலியில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"எங்கப்பாவுக்குக் கால் ஒடஞ்சது சாஹேப். நான் ஜப்பான் போவதுக்கு முந்தின வருசம். கட்டுப் பிரிச்சதும் நடக்கச் சொன்னாவ. நாங்க அஞ்சு பிள்ளைய. ஒருத்தரும் அவர எந்திரிக்க விடல. மாத்தி மாத்தித் தூக்குனோம், ஊட்டுனோம், அவ்வளவு பிரியம். ஒரு வருசத்துல போயிட்டாவ. அந்தக் காலுறையப் போட்டுவிட்ட அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, நாங்க பிரியத்துலயே அவியள படுக்க வச்சிட்டோம்னு. அங்க போயிருக்காட்டி இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அழவில்லை. துண்டை மடித்து வைத்தார். சாஹேப், செருப்பு மாட்டுங்க, நடக்கணும் என்றார்.

ஜூலையில் சென்னையிலிருந்து என் தங்கை கலா வந்தாள். அப்பாவைப் பார்க்க ஆசையாக வந்தவள் நேராகச் சாப்பாட்டு நேரத்தில் மாட்டினாள். அப்பா இடது கையில் கரண்டியோடு போராடுகிறார், வேட்டியெல்லாம் ரசம், எதிரே ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்னடா நடக்குது இந்த வீட்ல என்று என்னைக் கேட்டாள். ஜப்பானைப் பார்த்து, நீங்க போகலாம் என்றாள். பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கரண்டியை வாங்கிச் சாதத்தை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. கலா கெஞ்சினாள், அவர் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஜப்பான் வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றிருந்தார்.

"கரண்டிய குடு கலா" என்றார் அப்பா. "இன்னும் பாதிச் சாப்பாடு இருக்கு. நான் முடிக்கணும். அந்தப் பொண்ண உள்ள வரச் சொல்லு."

மீதியைச் சாப்பிட இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. கலா அத்தனை நிமிஷமும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஊருக்குக் கிளம்பும்போது ஜப்பானின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் ஏறுமுகமாகவே போனதாக நினைக்க வேண்டாம். ஆகஸ்ட் தொடக்கத்தில், மழை விடாமல் அடித்த ஒரு சனிக்கிழமை, கழிவறை வாசலில் அப்பாவின் கால் மடங்கியது. ஓரடி பின்னால் வந்துகொண்டிருந்த ஜப்பான் இடுப்பில் கை கொடுத்து அவரைத் தரையில் மெதுவாக இறக்கினார். அடி ஒன்றும் படவில்லை. நான் பதறி ஓடித் தூக்கப்போனேன். ஜப்பான் குறுக்கே கையை நீட்டினார். தானும் தரையில் அப்பாவோடு உட்கார்ந்து, எங்காவது வலிக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு, எழச் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இது மனுஷத்தன்மையா என்று சத்தம் போட்டேன்.

"அண்ணே, சுமதியக்கா ஜெர்மனி போனப்புறம் இவிய ஒத்தையில விழுந்தா யாரு தூக்குவா?" என்றார், குரலை உயர்த்தாமல். "விழுந்தா எந்திரிக்கத் தெரியணும். அது தெரிஞ்சாத்தான் இந்த வீட்ல இருக்க முடியும். இல்லாட்டி கடக்வாஸ்லாதான்."

முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து, கும்பிட்டு, அப்பா எழுந்தபோது நேரம் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத் தைரியம் போய்விட்டது. மறுநாளே கடக்வாஸ்லாவுக்குப் போய், செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அறை வேண்டும் என்று உறுதி செய்துவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். ஜப்பானிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்றார்.

அந்த மூன்று வாரமும் அவர்கள் இருவரும் சமையலறையில் கதவை ஒருக்களித்துக்கொண்டு ஏதோ செய்தார்கள். பாத்திரம் விழும் சத்தம் வரும். 'நான் இங்கனதான் நிக்கேன்' வரும். நாங்கள் உள்ளே போகக் கூடாது. சுமதி தன் சமையலறைக்கே அனுமதி கேட்டு நுழைந்தாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. சுமதியின் விமானத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஜப்பானுக்கும் காகிதங்கள் வந்துவிட்டிருந்தன. காலை ஒன்பது மணிக்கு அவர் வந்து, நாம் மூன்று பேரும் ஒரு மணிவரை கீழே பூங்காவில் இருக்கப்போகிறோம் என்று அறிவித்தார். சாஹேப் தனியாக இருப்பார். கையில் போன் இருக்கும். வேண்டுமென்றால் அவர் கூப்பிடுவார், நாம் கூப்பிடக் கூடாது. அப்பா ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதிரி முழுக்கைச் சட்டை போட்டு, எல்லாப் பித்தானும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போங்க போங்க என்று தலையசைத்தார்.

பூங்கா பெஞ்சிலிருந்து எங்கள் சமையலறை ஜன்னல் தெரியும். நானும் சுமதியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜப்பான் மட்டும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். "பாத்தா ஓடிருவேன் அண்ணே" என்றார். நாலு மாதத்தில் முதல் முறையாக அவர் கைகள் மடியில், முன்பக்கமாக, எல்லோரும் பார்க்கும்படி நடுங்கின. ஜோஷி காகா வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எங்களோடு உட்கார்ந்தார். பத்து மணி. பதினொன்று. ஜன்னலில் ஒரு நிழல் போயிற்று, வந்தது. சுமதி சத்தமில்லாமல் 'ஐயோ' சொன்னது எனக்குக் கேட்டது.

பன்னிரண்டரைக்கு என் போன் அடித்தது.

"மூணு பேரும் மேல வாங்க" என்றார் அப்பா. "பால் ஆறுது."

கதவை அவரே திறந்தார். சமையலறையில் சின்ன மேஜை மேல் ஈரத்துணி, அதன் மேல் நாலு டம்ளர். ஓட்டா என்று நாங்கள் மராத்தியில் சொல்லும் சமையல் மேடை நெடுகப் பால் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. காபித்தூள் தரையில் கிடந்தது. ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் கொஞ்சம் டிகாஷன் தயாராக இருந்தது. எண்பத்தொரு வருஷத்தில் தன் காபியைத் தானே கலந்து குடித்தறியாத மனிதர், எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, மேடையில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டு, இடது கையால் பால் பாத்திரத்தைத் தூக்கினார்.

கை ஆடியது. பாத்திரத்தின் விளிம்பு டம்ளரைத் தேடி அங்குமிங்கும் போயிற்று. ஆவி பறந்தது. நான் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை பாத்திரத்தைப் பிடிக்க நீண்டது. பார்த்தால், ஜப்பானின் கை.

"ஜப்பான்" என்றார் அப்பா, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். "கை."

அவர் கையை இழுத்துக்கொண்டார். எழுந்து நின்று பின்னால் கட்டிக்கொண்டார். பால் விழுந்தது. கொஞ்சம் துணியில், மிச்சம் டம்ளரில். முதல் டம்ளரை அப்பா அவர் பக்கம் தள்ளினார். அவர் இரண்டு கைகளாலும் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லாருக்கு சாஹேப் என்றார். டிகாஷன் தண்ணியாக இருக்கிறது, பொய் சொல்லாதே என்றார் அப்பா. தண்ணியாகத்தான் இருந்தது. சுமதி அதைக் குடித்துவிட்டு அழுதாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு வலித்தது. என் அப்பாவை நினைத்தா, அந்தப் பெண்ணை நினைத்தா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

காபி முடிந்ததும் அப்பா, கடக்வாஸ்லாவுக்குப் போன் போட்டுக் கொடு என்றார். நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று போனை இடது கையில் வாங்கினார். இல்லத்து நிர்வாகி எடுத்தார். அப்பா பழைய ஷிஃப்ட் இன்சார்ஜ் குரலில், மராத்தியில், தன் பெயரைச் சொல்லி, செப்டம்பர் முதல் தேதிக்குச் சொல்லிவைத்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னார். என்ன காரணம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"மலா கரீ காம் ஆஹே" என்றார் அப்பா. எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது.

பேசி முடித்துவிட்டார். போனை அணைக்க வேண்டும். இடது கைக்குள்ளேயே போனைத் திருப்பி, அந்தச் சிவப்புப் பொத்தானைத் தேடி அவருடைய கட்டைவிரல் நகர்ந்தது. தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி வழுக்கியது. அந்தப் பக்கத்திலிருந்து நிர்வாகி ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான், சுமதி, ஜப்பான் மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் அணைக்கும்வரை நின்றோம்.